அந்தமான் பயணத்தில் வெயிலும் மணல் ஈயும்: மனத்தில் உள்ள கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துங்கள்

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஜனவரி கடைசியில் கணவர், 9 வயது மகன், 4 வயது மகள், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள 66 வயது மாமியார் ஆகியோரோடு ஆறு நாள் அந்தமான் செல்கிறார்கள். அங்குள்ள மணல் ஈக்களைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குப் பயமாக இருக்கிறது. வெயிலைப் பொறுத்தவரை, "நம் ஊர் வெயிலையே பார்த்துவிட்டோம், அந்தமான் வெயில் என்ன செய்துவிடும்" என்று வீட்டில் எல்லோரும் சொல்வதால், சன்ஸ்கிரீன் வாங்க வேண்டுமா என்பதும் அவருடைய கேள்வி. ஈரோட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோல் மருத்துவம் பார்த்து வருகிறேன். அந்தத் தீவுகளுக்கு மூன்று முறை சென்றும் வந்திருக்கிறேன். விடுமுறை முடிந்து ஊர் திரும்பிய குடும்பங்கள் கன்றிய தோலோடும் சொறிந்து புண்ணான கணுக்காலோடும் என்னிடம் வருவது ஒவ்வோர் ஆண்டும் நடப்பதால், இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் வீட்டாரின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். அதில் பாதி உண்மை. கோயம்புத்தூர் ஏறக்குறைய 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. போர்ட் பிளேர் என்று நாம் அறிந்திருந்த ஸ்ரீ விஜயபுரம் 11.6 பாகையில் இருக்கிறது. அதாவது, சூரியன் நம் தலைக்கு மேல் எவ்வளவு உயரம் ஏறுகிறதோ, ஏறத்தாழ அதே உயரம்தான் அங்கும் ஏறுகிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நமக்கு நிழலில்லா நாள் வரும்போது அங்கும் அதே வாரத்தில்தான் வருகிறது. வெயிலின் கடுமையில் பெரிய வேறுபாடு இல்லை.

வேறுபாடு கடிகாரத்தில் இருக்கிறது. திருப்பூர் 77 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியும், அந்தமான் 92 முதல் 93 பாகைக்கு இடையிலும் இருக்கின்றன. பூமி 15 பாகை சுழல ஒரு மணி நேரம் ஆகிறது. ஆனால் இரண்டு ஊர்களுக்கும் நாம் ஒரே இந்திய நேரத்தை வைத்திருக்கிறோம். ஆகவே சூரியன் அங்கே நமக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே உதித்து, முன்பாகவே உச்சிக்கு வந்து, முன்பாகவே மறைந்துவிடுகிறது. நீங்கள் செல்லும் ஜனவரி கடைசியில் திருப்பூரில் உச்சிப்பொழுது பகல் 12.30 மணி சுமாருக்கு வரும், அங்கே 11.30 மணிக்கே வந்துவிடும். இங்கே மாலை 6.20 வரை பொழுது இருக்கும், அங்கே 5.20க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

இதைச் சிறிய செய்தி என்று கருதிவிட வேண்டாம். என்னிடம் வரும் பாதிப்புகளில் பெரும்பகுதிக்கு இதுதான் வேர். காலை பத்து மணி வெயில் "இளவெயில்" என்பது நம் உடம்பில் ஊறிய கணக்கு. அந்தக் கணக்கோடு தீவில் பத்து மணிக்குக் கடலில் இறங்குபவர், உண்மையில் நம் ஊர்ப் பதினொரு மணி வெயிலில் நிற்கிறார். மாலை ஐந்து மணிக்கு "இன்னும் பொழுது இருக்கிறதே" என்று மணலில் உட்காருபவர், உண்மையில் நம் ஊரில் ஆறு மணிக்கு, விளக்கு வைக்கும் நேரத்தில், புதரோரம் உட்கார்ந்திருக்கிறார். பூச்சிகளுக்கும் வெயிலுக்கும் இந்திய நேரம் தெரியாது. அவை சூரியனைத்தான் பின்பற்றுகின்றன. தீவில் கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனத்தில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தைவிட நம்பகமான அளவுகோல் உங்கள் நிழல். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் வரை, தோலைச் சுடும் புற ஊதாக் கதிர்கள் வலுவாக இறங்குகின்றன என்று பொருள். ஜனவரி கடைசியில் அந்தமானில் காலை 9.15 மணி சுமாரிலிருந்து பகல் 1.45 மணி சுமார் வரை நிழல் அப்படிக் குட்டையாக இருக்கும். 9 வயது மகனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்து, நிழல் பார்க்கும் பொறுப்பை அவனிடமே விட்டுவிடுங்கள். பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிடக் கண்டிப்பாகச் செய்வதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது காற்று. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் எப்படி வீசும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காற்றில் காட்டில் நிற்பவருக்கு வெயில் உறைக்கவே உறைக்காது. ஆனால் வீடு திரும்பியதும் முகம் காந்தும். கடற்காற்றும் அதையேதான் செய்கிறது. சூட்டை உணர்த்துவது அகச்சிவப்புக் கதிர். தோலைக் கருக்குவது புற ஊதாக் கதிர். காற்று முன்னதை மறைக்கிறது, பின்னதைத் தொடுவதே இல்லை. மொடக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, பின்கழுத்து முழுவதும் தோல் உரிந்த நிலையில், "வெயிலே தெரியலீங்க டாக்டர், காத்து சிலுசிலுன்னு அடிச்சுதுங்க, பொழுது போயித்தான் காந்த ஆரம்பிச்சுது" என்று சொன்னார். இதைவிடத் துல்லியமாக அந்த நிகழ்வை யாராலும் சொல்ல முடியாது. வெயிற்புண் உடனே தெரிவதில்லை. நான்கைந்து மணி நேரம் கழித்துத்தான் தோல் சிவக்கவும் எரியவும் தொடங்கும். எரியத் தொடங்கியதும் நிழலுக்குப் போய்க்கொள்ளலாம் என்று காத்திருப்பவருக்கு அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

கடற்கரையில் கதிர்கள் மேலிருந்து மட்டும் வருவதில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலர்ந்த கடற்கரை மணல் சுமார் 15 விழுக்காட்டையும், அலை நுரை சுமார் 25 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகின்றன. அரை மீட்டர் ஆழத் தண்ணீருக்குள்ளும் மேற்பரப்பில் உள்ளதில் 40 விழுக்காடு கதிர் இருக்கிறது. மெல்லிய மேகம் 90 விழுக்காட்டுக்கும் மேல் உள்ளே விட்டுவிடும். ஆகவே குடையின் கீழ் உட்கார்ந்திருப்பதோ, கழுத்தளவு நீரில் நிற்பதோ, மேகமூட்டமான நாளாக இருப்பதோ முழுமையான காப்பு ஆகாது.

நம் தோலின் கருமை ஓரளவு காக்கிறது என்பது மெய்தான். மெலனின் நமக்கு இயற்கை தந்த குடை. ஆனால் அந்தக் குடை எரிச்சலைக் குறைக்கிறதே தவிர, கருமைத் திட்டுகளைத் தடுப்பதில்லை. மாறாக, நம் போன்ற தோலில்தான் அவை அதிகமாக விழுகின்றன, மாதக்கணக்கில் நிற்கின்றன. மங்கு உள்ள பெண்கள் ஒரே கடற்கரைப் பயணத்தில் ஓராண்டுச் சிகிச்சையின் பலனை இழந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். "பழகிய தோல்" என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் முகத்தையும் முன்கையையும் மட்டுமே குறிக்கும். ஆண்டு முழுவதும் துணிக்குள் இருந்த தோளும் முதுகும் முழங்காலின் பின்புறமும் எந்த வெயிலுக்கும் பழகியவை அல்ல; கடலில் நாம் திறந்துவிடுவது அவற்றைத்தான்.

இப்போது காப்புக்கு வருகிறேன். சன்ஸ்கிரீன் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் துணியிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பக்கம் மஞ்சள் காட்டில் களை எடுக்கும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையைச் சுற்றிக் கழுத்துப் பின்புறம் வரை தொங்கும் துண்டு. எந்தத் தோல் மருத்துவரும் அதைவிடச் சிறந்த ஏற்பாட்டைச் சொல்லித்தர முடியாது. துணி வியர்வையில் கரையாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டியதில்லை, பூச்சிக்கும் அதுவே முதல் தடுப்பு.

ஆனால் எந்தத் துணி என்பதில் கவனம் தேவை. திருப்பூர்க்காரரான உங்களுக்கு இதை விளக்குவது எளிது. மெல்லிய வெள்ளைச் சிங்கிள் ஜெர்சி பனியன் துணி ஒன்றையும், நெருக்கமாகப் பின்னிய அடர்நிறப் பாலியெஸ்டர் துணி ஒன்றையும் டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முதல் துணியில் கண்ணுக்குக் கண் வெளிச்சம் ஊசிமுனைபோல் தெரியும். லேசாக இழுத்தால் இன்னும் விரியும். வெளிச்சம் புகும் வழியில் கதிரும் புகும். நனைந்த வெள்ளைப் பருத்தித் துணி உலர்ந்திருந்தபோது தந்த காப்பில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. எனவே பழைய டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு கடலில் இறங்கினால் போதும் என்று எண்ண வேண்டாம். கைமுட்டி தாண்டி மணிக்கட்டு வரையும், இடுப்பிலிருந்து கணுக்கால் வரையும் மூடும் நீச்சல் உடைகள் இப்போது உங்கள் ஊரிலேயே கிடைக்கின்றன. பிள்ளைகள் இருவருக்கும் அதை வாங்குங்கள். கரையில் நடப்பதற்குத் தளர்வான முழுக்கைச் சட்டையும் பேண்டும் போதும். தொப்பி, நான்கு புறமும் மூன்று அங்குலத்துக்குக் குறையாத விளிம்பு உள்ளதாக இருக்கட்டும். கிரிக்கெட் தொப்பி காதையும் கழுத்தையும் கைவிட்டுவிடும்.

ஸ்வராஜ் தீவில், அதாவது பழைய ஹேவ்லாக்கில், எலிஃபண்ட் பீச்சுக்குப் படகில் அழைத்துச் சென்று ஸ்நார்கெலிங் செய்ய வைப்பார்கள். முகத்தை நீருக்குள் வைத்து, முதுகை வானத்துக்குக் காட்டியபடி அரை மணி நேரம் மிதப்பீர்கள். பவளப்பாறையைப் பார்க்கும் வியப்பில் நேரம் போவது தெரியாது. அப்பயணம் பெரும்பாலும் முற்பகலில்தான் நடக்கும். அதுவே நிழல் குட்டையாகும் நேரம். பின்கழுத்து, தோள், முழங்காலுக்குப் பின்புற மடிப்பு, இவை மூன்றும் கருகுவது அங்கேதான். முதல் படகிலேயே செல்ல முடியுமா என்று முந்தைய நாளே கேட்டு வையுங்கள்.

துணி மூடாத இடத்துக்குச் சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் (தோலைச் சுடும் புற ஊதாக் கதிருக்கு எதிரான காப்பைச் சொல்லும் எண்) 30 அல்லது அதற்கு மேல், பிஏ குறியீட்டில் (தோலைக் கருக்கும் மற்றொரு வகைப் புற ஊதாக் கதிருக்கான காப்பு) மூன்று அல்லது நான்கு கூட்டல் குறி, நீரில் எளிதில் கரையாதது என்ற மூன்றையும் அட்டையில் பாருங்கள். தோலைச் சுடும் கதிரில் எஸ்பிஎஃப் 30 சுமார் 97 விழுக்காட்டையும் 50 சுமார் 98 விழுக்காட்டையும் தடுக்கின்றன. ஆகவே எண்ணுக்காக அதிக விலை கொடுப்பதைவிட, அளவைக் கூட்டிப் பூசுவதே பயன் தரும். அந்த எண்கள் எல்லாம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற தடிமனில் பூசிச் சோதித்துப் பெற்றவை. நீச்சல் உடையில் இருக்கும் ஒரு பெரியவரின் உடல் முழுவதற்கும் அந்தக் கணக்குப்படி ஏறத்தாழ 30 மில்லி வேண்டும். மெடிக்கலில் கிடைக்கும் 50 மில்லி டியூப் ஒருவருக்கு இரண்டு முறைகூட வராது! ஐந்து பேருக்கு ஒரு டியூப் வாங்கி ஆறு நாள் ஓட்டுபவர்கள் உண்மையில் சன்ஸ்கிரீன் பூசவில்லை, வாசனைதான் பூசுகிறார்கள். முழுக்கை, முழுக்கால் உடை அணிந்தால் முகம், கழுத்து, கை, பாதம் மட்டுமே மிஞ்சும். தேவை ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். துணியிலிருந்து தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்குப் பிதுக்கிய அளவு. காதின் மேல் விளிம்பையும், வகிடு எடுத்த இடத்தையும், பாதத்தின் மேற்புறத்தையும் மறவாதீர்கள். வெளியே இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்பு ஒரு முறை, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, கடலிலிருந்து ஏறித் துடைத்ததும் ஒரு முறை. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் பவளங்களுக்குக் கேடு செய்யும் என்பதால் பலாவ் நாடு 2020 முதலும் ஹவாய் மாநிலம் 2021 முதலும் அவை உள்ள சன்ஸ்கிரீன்களைத் தடுத்திருக்கின்றன. நம் தீவுகளின் பவளமும் அதே உயிர்தானே. ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டை ஆக்சைடு உள்ளதை வாங்குங்கள். பிள்ளைகளின் தோலுக்கும் அது இதமானது. முகத்தில் சற்று வெள்ளை படியும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இனி உங்களை அதிகம் அச்சுறுத்தும் மணல் ஈ. அங்கே எல்லோரும் மணல் ஈ என்று அழைத்தாலும், கடற்கரையில் கடிப்பவற்றில் பெரும்பாலானவை குலிகாய்டிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த நுண்ணிய ஈக்கள். ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் நீளம்தான். கேழ்வரகு ஒன்றைவிடப் பெரிதாகத் தெரியாது. ஈர மணல், அலையாத்திக் காட்டுச் சேறு, கரையில் ஒதுங்கி அழுகும் பாசி ஆகியவற்றில் அவை பெருகுகின்றன. கொசுவைப்போல் ஊசி இறக்கி உறிஞ்சுவதில்லை. தோலை நுணுக்கமாக அறுத்து, அங்கே ஊறும் இரத்தத்தைக் குடிக்கின்றன. பெண் ஈக்கள் மட்டுமே கடிக்கும். அவற்றின் உமிழ்நீர்தான் பின்னர் வரும் அரிப்புக்குக் காரணம்.

என் முதல் பயணத்தில், ராதாநகர் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்க நான்கே முக்காலுக்கு மணலில் கால் நீட்டி உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, பேண்டை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தேன். ஒரு பூச்சியும் கண்ணில் படவில்லை. எப்போதாவது மணல் துகள் பட்டதுபோல் லேசான சுருக்கு மட்டும் இருந்தது. மறுநாள் காலையில் இரண்டு கணுக்காலிலும் மிளகு அளவில் சிவந்த தடிப்புகள். எண்ணிப் பார்த்தேன், நாற்பதுக்கு மேல் இருந்தன. அரிப்பு இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் உச்சத்துக்குப் போனது. இரவில் தூக்கத்திலேயே சொறிந்திருக்கிறேன். கருந்தழும்பு மறைய ஐந்து மாதம் ஆயிற்று. ஒரு தோல் மருத்துவருக்கு இவ்வளவு தெரியாமல் போயிற்றே என்ற வருத்தம் எனக்கு உண்டு. அதனாலேயே இதை விரிவாகச் சொல்கிறேன்.

இந்த ஈயின் பலவீனம் அதன் பறக்கும் திறன். காற்று சற்று வீசினாலே அதனால் நிலைகொள்ள முடியாது. உச்சி வெயிலையும் அது விரும்புவதில்லை. விடியலிலும் அந்தி சாயும்போதும், காற்று ஓய்ந்திருக்கும்போது, தரையை ஒட்டித்தான் அதிகம் கடிக்கும். இதை நிழல் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். காலை ஏழு மணியிலிருந்து ஒன்பதே கால் வரையும், பகல் ஒன்றே முக்காலிலிருந்து நான்கு மணி வரையும், வெயிலும் பூச்சியும் ஓரளவு ஒதுங்கியிருக்கும் இரண்டு இடைவெளிகள் உங்களுக்குக் கிடைக்கின்றன. பிள்ளைகளின் மணல் விளையாட்டையும் குளியலையும் அவற்றில் வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் மறையும் காட்சியைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அது காண வேண்டிய காட்சிதான். நான்கு மணிக்கே முழுக்கால் பேண்ட்டும் காலுறையும் மூடிய காலணியும் அணிந்து, வெறும் மணலிலோ செடிகளின் ஓரத்திலோ உட்காராமல், காற்று படும் இடத்தில் நின்றோ நாற்காலியிலோ பாருங்கள். அறையில் சாதாரணக் கொசுவலையின் கண்கள் வழியே இந்த ஈ நுழைந்துவிடும். மின்விசிறியை வேகமாக ஓடவிடுவதே நல்ல தடுப்பு.

தோலில் பூசும் விரட்டிகளில் டீட் 20 முதல் 30 விழுக்காடு உள்ளதும், பிகாரிடின் 20 விழுக்காடு உள்ளதும் கொசுவுக்கும் இந்த ஈக்கும் நன்கு வேலை செய்கின்றன. நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். நம் வீடுகளில் உள்ள ஓடோமாஸ் போன்ற களிம்புகள் கொசுவுக்கு உதவும். ஆனால் அந்தியில் கடற்கரைக்குச் செல்வதாக இருந்தால் முன்சொன்ன இரண்டில் ஒன்றைப் பயன்படுத்துமாறு சொல்வேன். சன்ஸ்கிரீனும் விரட்டியும் ஒரே நேரத்தில் தேவைப்பட்டால், சன்ஸ்கிரீன் முதலில். அது தோலில் படிய இருபது நிமிடம் விட்டு, அதன்மேல் விரட்டி. டீட், சன்ஸ்கிரீனின் வலிமையைக் குறைக்கும் என்பதால் இரண்டும் கலந்த ஒரே களிம்பை வாங்க வேண்டாம். டீட் பட்டால் பிளாஸ்டிக்காலான மூக்குக்கண்ணாடிச் சட்டமும் கைக்கடிகார முகப்பும் மங்கிவிடும். பருத்தித் துணியை ஒன்றும் செய்யாது. 4 வயது மகளுக்கு உங்கள் கையில் எடுத்து நீங்களே தடவிவிடுங்கள். அவளுடைய உள்ளங்கையிலும் கண், வாய் அருகிலும் பட வேண்டாம். அறைக்குத் திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

தேங்காய் எண்ணெயைப் பற்றி நிச்சயம் யாராவது சொல்வார்கள். காங்கேயம் கொப்பரையும் பொள்ளாச்சித் தேங்காயும் நம்முடையவை என்பதால் எனக்கும் அதன்மேல் பற்று உண்டு. கெட்டியாகப் பூசினால் அந்தச் சிறிய ஈ தோலில் கால் ஊன்ற முடியாமல் சிக்கிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் எண்ணெய் வழிந்து இறங்கிய உடனே அந்தக் காப்பும் போய்விடும். வெயிலுக்கு அது காப்பே அல்ல. சோதனைச்சாலையில்கூட அதன் எஸ்பிஎஃப் ஒற்றை இலக்கத்தைத் தாண்டுவதில்லை. இரவு குளித்த பின் பூசிக்கொள்ளுங்கள், தோலுக்கு நல்லது. பூண்டு தின்பது, வைட்டமின் பி மாத்திரை விழுங்குவது, ஒலி எழுப்பிப் பூச்சியை விரட்டுவதாகச் சொல்லும் கருவிகள் ஆகிய எவற்றாலும் பயன் இல்லை.

கொசுவை நாம் அறிவோம். டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும். காலையிலும் மாலையிலும் அதிகம். மலேரியா பரப்பும் அனாபிலிஸ் இரவில் கடிக்கும். அந்தத் தீவுகளில் உள்ள அனாபிலிஸ் சுண்டைகஸ் என்ற வகை உப்பு கலந்த நீரிலும் முட்டையிடும் என்பதால், கடலோர விடுதியில் "இங்கே நல்ல தண்ணீர் தேங்கவில்லையே" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. இரவில் விரட்டியும் கொசுவலையும் விசிறியும் போதும். ஆறு நாள் பயணத்துக்கு மலேரியாத் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்பதை மட்டும் உங்கள் குடும்ப மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் டாக்சிசைக்ளின் தந்தால், அந்த மாத்திரை தோலை வெயிலுக்கு மிகவும் இளகவைக்கும், அதாவது எளிதில் கன்றச் செய்யும் என்பதை நினைவில் வையுங்கள்.

அதே காரணத்துக்காக உங்கள் மாமியாரின் மாத்திரை அட்டைகளை இன்றே எடுத்துப் பாருங்கள். இரத்த அழுத்த மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்திருக்கிறதா என்று படியுங்கள். பல கூட்டு மாத்திரைகளின் பெயருக்குப் பின்னால் 'எச்' என்ற எழுத்து இருப்பது அதனால்தான். அது தோலை வெயிலுக்கு எளிதில் கன்றவைப்பதோடு, சிறுநீரைப் பெருக்கி உடம்பின் நீரையும் உப்பையும் குறைக்கும். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது; புறப்படும் முன் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். கப்பலில் குமட்டலுக்குப் போடும் புரோமெத்தசின் மாத்திரையும் தோலை வெயிலுக்கு இளகவைப்பதுதான். அதோடு நல்ல தூக்கமும் தரும். மாத்திரை போட்டுக்கொண்டு, படகின் திறந்த தளத்தில் வெயிலிலேயே உறங்கிவிடுவது ஆபத்து.

சர்க்கரை உள்ளவருக்குக் காலைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பல ஆண்டுச் சர்க்கரையில் பாதத்தின் உணர்வு மங்கியிருக்கும். நண்பகல் மணலில் வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்கால் வெந்து கொப்புளம் போட்டிருப்பது மாலையில் செருப்பைக் கழற்றும்போதுதான் தெரியும்; பவளத் துண்டு கிழித்ததும் அப்படியே. கடலில் கால் நனைக்கும்போதும் குதிகால் மூடிய காலணியோடு இருக்கட்டும். ஒவ்வோர் இரவும் நீங்களோ உங்கள் கணவரோ அவருடைய பாதத்தை விளக்கில் பார்த்துவிடுங்கள். "அதெல்லாம் வேண்டாம் கண்ணு" என்று அவர் கூச்சப்பட்டாலும் விடாதீர்கள்.

கடித்த பிறகு என்ன செய்வது? குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்துவிட்டு, கலமைன் லோஷன் தடவுங்கள்; இரவில் அரிப்பு தூங்கவிடாவிட்டால் பெரியவர்கள் செட்ரிசின் ஒன்று எடுத்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கான சிரப்பின் அளவைப் புறப்படும் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் நகத்தை வெட்டிவிட்டே விமானம் ஏறுங்கள். சொறிந்தால் புண் சீழ் பிடிக்கும், தழும்பு கறுக்கும். அந்தத் தழும்பின் மேல் வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். வீட்டில் கிடக்கும் வீரியமான ஸ்டீராய்டு களிம்பை, குறிப்பாக முகத்தில், தன்னிச்சையாகப் பூச வேண்டாம். அதனால் வந்த கேடுகளுக்குச் சிகிச்சை செய்வதிலேயே என் வாரத்தின் ஒரு பகுதி போகிறது.

வெயிலில் கன்றிவிட்டால் நிழலுக்கு வந்து குளிர்ந்த நீரில் குளியுங்கள். பனிக்கட்டியும் பற்பசையும் வேண்டாம். கழுவிய சோற்றுக்கற்றாழைச் சோறு இதம் தரும். கொப்புளத்தை உடைக்காதீர்கள். கொப்புளம் பரவலாக இருந்தாலோ, தலைசுற்றல், வாந்தி, காய்ச்சல் சேர்ந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கடற்கரையில் எலுமிச்சை பிழிந்த கையோடு வெயிலில் உட்கார்ந்தால், சாறு வழிந்த தடத்திலேயே தோல் வெந்து கறுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. சோடாவோ சர்பத்தோ குடித்த பின் பிள்ளைகளின் கையையும் வாயையும் கழுவிவிடுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும் கொடுங்கள். டெங்குவாக இருக்கலாம் என்பதால் ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்றவற்றைத் தவிருங்கள். மலேரியா சில வாரங்கள், சில வகையில் சில மாதங்கள் கழித்தும் வெளிப்படும். ஆகவே அப்போது எந்த மருத்துவரிடம் சென்றாலும், அவர் கேட்காவிட்டாலும், "ஜனவரியில் அந்தமான் போய் வந்தோம்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். எந்த இரத்தப் பரிசோதனை செய்வது என்பதை அவர் முடிவு செய்ய அது உதவும்.